வாய்தாவும் வம்சாவளியும்

எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்தது, தினசரிக் காலண்டர் இருந்தது. ஆனால் நாள் கணக்கு மட்டும் கோர்ட்டு வாய்தாவை வைத்துத்தான். "போன வாய்தாவுக்கு முந்தின வாய்தா அன்னிக்குத்தானே கூரை ஒழுகிச்சு?" என்று அப்பா கேட்பார். அம்மா செத்துப்போனதைக்கூட அவர் அப்படித்தான் ஞாபகம் வைத்திருந்தார்: எதிர்க்கட்சி வக்கீல் உடம்பு சரியில்லை என்று தேதி வாங்கினாரே, அதற்கு அடுத்த வாரம். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். பிறகு எரிச்சல்படுவதும் அலுத்துவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பா பாகம் கேட்டு முன்சீப் கோர்ட்டில் கேஸ் போட்டார். அடி அண்ணாமலை கிராமத்தில் கிணற்றோடு சேர்ந்த நிலம். அப்பாவின் கணக்குப்படி அந்தக் காலத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். பெரியவர் வழியில் வந்தவர்தான் நிலத்தை அனுபவித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் பெரியப்பா முறை. நடுவில் உள்ளவர் தன் பங்குக்கு ஏதோ வாங்கிக்கொண்டு போளூர்ப் பக்கம் போய்விட்டார். மூன்றாவது தம்பி எங்கள் கொள்ளுத்தாத்தா, அதாவது அப்பாவின் தாத்தா. அவர் பங்கு பிரிக்கப்படாமல் அப்படியே நிற்கிறது, மூன்றில் ஒன்று எங்களுக்கு வரவேண்டும் என்பதுதான் கேஸ். எல்லாம் எப்போதோ பிரித்துக் கொடுத்தாகிவிட்டது, இனி ஒரு கைப்பிடி மண் கிடையாது என்பது பெரியப்பாவின் பதில்.

எங்கள் வக்கீல், "வம்சாவளி வேணும். வாயால சொல்றது இல்ல. யாரு, யாருக்குப் பொறந்தாங்க, எப்ப செத்தாங்க, அத்தனைக்கும் காகிதம் வேணும்" என்றார். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், என் தலையில் விழுந்தது. நான் டவுனில் பள்ளிக்கூடத்து டீச்சர். கையெழுத்து நன்றாக இருக்கும், கோடை லீவு உண்டு, கல்யாணமும் ஆகவில்லை. வேறென்ன தகுதி வேண்டும்?

கல்யாணம் ஆகாததற்கும் கேஸ்தான் காரணம் என்று நான் சொன்னால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். பெண் பார்க்க வருகிற தேதிக்கும் வாய்தா தேதிக்கும் சண்டை வந்தால் வாய்தாதான் ஜெயிக்கும். ஒரு இடம் நன்றாகவே அமைந்தது. பையன் வீட்டார் தையில் முடித்துவிடலாம் என்றார்கள். அப்பா, "கேஸ் தீர்ப்பு வரட்டும், நெலம் வந்துட்டா ஜாம் ஜாம்னு செய்யலாம்" என்றார். அவர்கள் ஒரு தை பார்த்தார்கள், அடுத்த தையும் பார்த்தார்கள். பிறகு அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் ஜாம் ஜாம் என்று நடந்தது.

அப்படியாக என் லீவெல்லாம் செத்தவர்களைத் தேடுவதில் போனது. அப்போது எங்கள் ஊருக்கு ஜில்லாத் தலைநகர் வேலூர். பழைய பிறப்பு இறப்புப் பதிவு வேண்டுமென்றால் விடிகாலை பஸ்ஸைப் பிடித்து வேலூர் போய், மனு எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். சாயங்காலம் "நாளைக்கு வாங்கம்மா" என்பார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் சீட்டு கிடைக்காது. பதிவேட்டை ஒருவழியாகக் கண்ணில் காட்டினால், அதில் முக்கால்வாசிப் பேர் காய்ச்சலில் செத்திருப்பார்கள். இன்ன காய்ச்சல் என்று இருக்காது, வெறும் காய்ச்சல். மை ஊறிப்போன எழுத்தை உற்றுப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலைவலி நிரந்தரமானது.

எங்கள் வகையறாவில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். கேட்க நன்றாக இருக்கும். தேடுகிறவளுக்கு அது தண்டனை. ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருக்கும். காய்ச்சலில் செத்தவர் தாத்தாவா பேரனா என்று தெரியாமல் ஒரு முழு லீவு வீணாகப் போனது. பெண்களின் பெயரைக் கேட்டால் சிரித்தார்கள். "பொம்பளைங்க பேரு கோர்ட்டுக்கு இன்னாத்துக்கு? அவங்க கட்டிக் குடுத்த எடத்துக்குப் போயிட்டாங்க" என்றார் ஒரு கிழவர். கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் எல்லா வீட்டிலும் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "உனக்கு இன்னும் ஆகலயாம்மா?" ஆகலை, உங்கள் கொள்ளுத்தாத்தா செத்த தேதியைச் சொன்னால் ஆகும் என்று சொல்ல வாய் துடிக்கும். சிரித்துவிட்டு நோட்டைத் திறப்பேன்.

இப்படிச் சேர்த்ததெல்லாம் ஒரு தகரப் பெட்டி நிறைய ஆனது. நகல்கள், வில்லங்கச் சான்றுகள், கிழிந்த சிட்டா, யாரோ கொடுத்த பழைய கல்யாணப் பத்திரிகைகள். ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணம் வேலையை அரசாங்கம் எடுத்துவிட்ட பிறகு நிலைமை இன்னும் மோசம். யாரிடம் எந்தக் கணக்கு இருக்கிறது என்று கேட்டால், அவர் இவரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார். ஒரு பெரிய சார்ட் காகிதத்தில் கட்டம் கட்டமாக வம்சாவளி போட்டேன். மேலே ஒரே கட்டம், அதற்குக் கீழே மூன்று. மூன்றாவது கட்டத்தில் எங்கள் கொள்ளுத்தாத்தா. அப்பா அந்தச் சார்ட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

போளூர்ப் பக்கம் போன நடுத் தம்பியின் வாரிசுகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வக்கீல் சொன்னார். "எங்க தாத்தா மூணுல ஒரு பங்குக்கு வாங்கிட்டுப் போனாரு" என்று அவர்கள் வந்து சாட்சி சொன்னால் கேஸ் பாதி ஜெயித்த மாதிரி. விசாரித்து விசாரித்துக் கடைசியில் ஒரு கிராமத்தில் வீட்டைப் பிடித்தேன். அவர்கள் எங்கள் குலதெய்வத்தையே மறந்துபோயிருந்தார்கள். அங்கேயே பக்கத்தில் ஒரு மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். அந்த வீட்டுப் பையனும் வாத்தியார். என் சங்கடம் அவனுக்குச் சொல்லாமலே புரிந்தது. "அக்கா, நீங்க இந்த வெயில்ல அலையாதீங்க. எங்க பக்கத்துக் காகிதமெல்லாம் நான் எடுத்துக் குடுக்கறேன்" என்றான். இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்ன முதல் ஆள் அவன். பஸ்ஸில் வரும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு அசந்து போயிருந்தேன்.

சொன்னபடி செய்தான். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு நகலை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவான். அப்பாவுக்கு அவனைக் கண்டால் உயிர். "நம்ம பங்காளிப் புள்ள" என்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். என் தங்கை காபி கொண்டுவந்து வைப்பாள். அவள் என்னைவிட ரொம்பச் சின்னவள். தையல் கிளாஸ் முடித்துவிட்டு வீட்டில் மிஷின் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இடங்கள் வர ஆரம்பித்திருந்தன, அப்பாவும் வழக்கம்போல் "தீர்ப்பு வரட்டும்" என்று ஆரம்பித்திருந்தார்.

பங்காளி என்றால் அண்ணன் தம்பி. அந்த வீட்டுப் பையன் என் தங்கைக்கு அண்ணன் முறை. அதில் பேச்சே கிடையாது. எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் பங்காளிக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. அப்பா ஒவ்வொரு தடவையும், "அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் காபி ஊத்தும்மா" என்பார். அவளும் ஊற்றுவாள். ஆனால் ஒருநாளும் ஒருவாட்டியும் அவள் வாயிலிருந்து "அண்ணா" என்று வந்ததில்லை. "வாங்க", "இந்தாங்க", "போயிட்டு வாங்க". அவ்வளவுதான். ஊரையெல்லாம் முறை கேட்டு அலைந்த எனக்கு, என் வீட்டுக்குள் நடந்தது உறைக்கவே இல்லை பாருங்கள்.

ஒருநாள் அவனைப் பஸ் ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். பஸ் வரவில்லை. அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, ஒண்ணு கேக்கணும். அந்தச் சார்ட்ல இருந்து எங்க கொள்ளுத்தாத்தாவ எடுத்துட முடியுமா?" என்றான்.

எனக்கு வந்த கோபம்! "இன்னாப்பா வெளையாடறியா? உங்க கட்டத்தத் தேடிக் கண்டுபிடிக்க எத்தினி வருஷம் ஆச்சு தெரியுமா?"

"தெரியுங்கக்கா. அதான் கேக்கறேன். அவரு அதுல இருந்தாருன்னா நான் உங்க வீட்ல பொண்ணு கேக்க முடியாது."

நான் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பஸ் வந்தது, அவன் ஏறினான், போய்விட்டான். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து தங்கையைக் கேட்டேன். அவள் அழவில்லை. மிஷினில் நூல் கோத்துக்கொண்டே, "நீதானே கூட்டிட்டு வந்த" என்றாள்.

அப்பாவிடம் நான்தான் சொன்னேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார். "அண்ணன் தங்கச்சிடி! ஊரு காறித் துப்பும்! சோறு போட்டு, காபி குடுத்து, பங்காளின்னு ஊட்டுக்குள்ள வுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பையன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வேறு இடத்தில் பெண் பார்க்கிறார்கள், வர ஐப்பசிக்குள் முடித்துவிடுவார்கள் என்று காதில் விழுந்தது. என் தங்கை ராத்திரி சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள். மிஷின் சத்தம் மட்டும் ஓயவில்லை. நான் போன வழியில் அவளும் போய்க்கொண்டிருந்தாள். வழி எங்கே போகும் என்று எனக்குத்தான் தெரியுமே.

அந்த ஆடியில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வந்தது. செங்கம் ரோட்டைத் தாண்டி உள்ளே ஒரு ஏரிக்கரையில் கோயில். கேஸ் நடந்தாலும் நாங்கள் போவதை நிறுத்தவில்லை. "சாமி மேல கேஸ் இல்லையே" என்பார் அப்பா. பெரியப்பா வீட்டார் ஒரு மூலையில், நாங்கள் ஒரு மூலையில். முகம் பார்த்துக்கொள்ள மாட்டோம். சாமிக்கு மாலை கட்டி எடுத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா செய்தாள், அவள் போன பிறகு நான் செய்தேன்.

மாலையோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் வேறு ஊரிலிருந்து வந்த ஒரு அம்மாவும் மாலை வைத்திருந்தாள். பக்கத்தில் பெரியப்பா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தலைக்கட்டு வரி வாங்கிக்கொண்டிருந்தார். கல்யாணமான ஒவ்வொரு பங்காளியும் பூசைச் செலவுக்குத் தருகிற வரி அது. சும்மா பேச்சுக்கு அந்த அம்மாவைக் கேட்டேன்: "நீங்க வரி குடுத்துட்டீங்களா?"

"எங்களுக்கு ஏதும்மா வரி? வரி குடுக்கறது பங்காளிங்க. நாங்க மாமன் மச்சான் மொறை. எங்க மாமியாரு இந்த வகையறாவுல பொறந்தவங்க. பொண்ணு எடுத்தவங்க மாலை மட்டும்தான் எடுத்தாரணும்."

என் கையில் மாலை இருந்தது.

எங்கள் வீட்டில் யாரும் வரி கொடுத்து நான் பார்த்ததே இல்லை. கேட்டால் அப்பா, "அவன் கையில நான் குடுப்பேனா?" என்பார். சரி, கேஸ் வந்த பிறகு கொடுக்கவில்லை. அதற்கு முன்னால்? தாத்தா காலத்தில்? அம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்து மாலைதானே கட்டினாள்? அடுத்து இன்னொன்று ஞாபகம் வந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பெரியப்பாவின் அப்பா செத்துப்போனார். கேஸ் நினைப்பே இல்லாத காலம், இரண்டு வீடும் ஒன்றாகப் புழங்கிய காலம். பங்காளிகள் அத்தனை பேரும் மொட்டை அடித்துக்கொண்டு தீட்டுக் காத்தார்கள். அப்பா மட்டும் குளித்து, தலை சீவி, மறுநாளே என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டார். "அங்கெல்லாம் மொட்டை, எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று நான் அன்றைக்கே அம்மாவைக் கேட்டேன். "நமக்கு இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

நமக்கு இல்லை. ஏன் இல்லை? பங்காளியாக இருந்தால் உண்டே.

இத்தனை வருஷம் நான் பெயரையும் தேதியையுமே கேட்டுக்கொண்டிருந்தேன். யார் சாவுக்கு யார் மொட்டை அடித்தார்கள், யார் வரி கொடுத்தார்கள், யார் மாலை கொண்டுவந்தார்கள் என்று ஒருவரையும் கேட்கவில்லை. அதுதான் எங்கள் ஜனங்கள் வைத்திருந்த உண்மையான பதிவு. வேலூர் பெஞ்சில் உட்கார்ந்து நான் தேய்த்ததுதான் மிச்சம்.

கொள்ளுத்தாத்தா அந்த அண்ணன் தம்பிகளில் ஒருவர் இல்லை. அவர்களுக்கு ஒரு அக்காவோ தங்கையோ இருந்திருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர் அவர். மச்சான்களோடு சேர்ந்து அந்த நிலத்திலேயே உழுது, அந்த வீட்டிலேயே பிள்ளை பெற்று, அங்கேயே செத்துப்போனார். பார்க்கிறவர்களுக்கு மூன்றாவது தம்பி மாதிரியே இருந்திருக்கிறார். அவளுக்கு என் சார்ட்டில் ஒரு கட்டம்கூட இல்லை. பெண்கள் பெயர்தான் கோர்ட்டுக்கு வேண்டாமே.

அப்படியென்றால் போளூர்ப் பையன் என் தங்கைக்கு அண்ணன் இல்லை. முறை மாப்பிள்ளை. தாராளமாகக் கட்டலாம். எனக்குக் கோயிலிலேயே கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை, ஏனென்றால் அடுத்தது என்ன என்பதும் அதே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் அப்பாவிடம் சார்ட்டை விரித்து வைத்துச் சொன்னேன். மாலை, வரி, மொட்டை எல்லாம் சொன்னேன். முடித்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "கேஸ் போயிடும்டி" என்பதுதான்.

அப்படியா என்று கேட்கவில்லை. யார் சொன்னது என்று கேட்கவில்லை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. "உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்றேன்.

"தெரியும்னு சொல்ல முடியாது" என்று இழுத்தார். "எங்கப்பாரு உங்க பெரியப்பாவோட அப்பாவ மச்சான்னு கூப்புடுவாரு. நான் சின்னப் புள்ள. கேலிக்குக் கூப்புடறாருன்னு நெனச்சிக்கினேன். அப்பறம்... அப்படியே நெனச்சிக்கினு இருந்துட்டேன்."

நான் அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். என் ஜன்மத்தில் அப்பாவிடம் அப்படிப் பேசியதில்லை. பொய்க் கட்டத்தைப் போட வைத்து என்னை ஊர் ஊராக நாய் மாதிரி அலைய விட்டீர்களே என்றேன். அவரும் விடவில்லை. அந்த மண்ணில் தன் தாத்தா உழைத்தது பொய்யா, கிணறு வெட்டியது பொய்யா, சேறு மிதித்தவனுக்குப் பங்கு இல்லையா என்று கத்தினார். அதுவும் நியாயம்தான். ஆனால் மகள் வழியில் வந்தவனுக்கு அந்தக் காலத்துச் சட்டத்தில் பங்கு கிடையாது. அதை வக்கீலே சொல்லியிருக்கிறார். "பங்காளிக்கு எவனாச்சும் பொண்ணு குடுப்பானாடி?" என்றார் அப்பா. "கல்யாணம் நடந்துச்சின்னா உங்க பெரியப்பன் வக்கீலு கல்யாணப் பத்திரிகையைத் தூக்கிக் காட்டுவான். எதிர்க்கட்சி வகையறாவுக்குப் பொண்ணு குடுத்திருக்காரு, இவரு எப்படிங்க பங்காளின்னு கேப்பான். இதுவரைக்கும் அவன் கையில காகிதம் இல்ல, இது வந்துட்டா வேற சாட்சியே வேணாம். இவ்ளோ வருஷம் பண்ணதெல்லாம் போச்சு."

தங்கை அதுவரை மிஷினில் இருந்தவள் எழுந்து வந்தாள். "அக்கா, விட்டுடு" என்றாள். "அப்பா கேஸ் நடக்கட்டும். நீ இல்ல? உன்ன மாதிரி நானும் இருந்துட்டுப் போறேன்."

குத்திக்காட்டவில்லை அவள். நிஜமாகவே என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் விளக்கு வைத்து ரொம்ப நேரம் கழித்து வந்தார். கோயிலில் உட்கார்ந்திருந்தாராம்.

அடுத்த வாய்தா வந்தது. அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். வழக்கமாக அங்கே எதிர்க்கட்சியைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு வருவார். அன்று மத்தியானம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "அந்தப் பையனுக்கு ஒரு கடுதாசி போடு. அவங்க ஊட்டுப் பெரியவங்கள வரச் சொல்லு" என்றார். "கோர்ட்ல இன்னா ஆச்சுப்பா?" என்றேன். "இன்னா ஆவும்? தேதி குடுத்தாங்க" என்றார்.

பையன் வீட்டார் வந்து, பேசி, முடிவானது. பத்திரிகை அடித்து வந்ததும் அப்பா, "மொதல்ல அடி அண்ணாமலைக்குப் போவணும். நீயும் வா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தபாலில் அனுப்பினால்கூடப் போதும், நேரில் போக வேண்டியதில்லை என்றேன். அவர் கேட்கவில்லை. தட்டு, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், குங்குமம் எல்லாம் எடுத்து வைக்கச் சொன்னார்.

பெரியப்பா வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். இரண்டு கிழவர்களும் கேஸ் போட்ட நாளிலிருந்து ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா தட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"மச்சான்" என்றார். "எம்பொண்ணுக்குக் கல்யாணம். ஊட்டோட வந்து நடத்திக் குடுக்கணும்."

"யாருக்கு யாருய்யா மச்சான்?"

"நீதான். எங்கப்பாரு உங்கப்பாவ அப்படித்தான் கூப்ட்டாரு. நாந்தான் உன்ன அப்படிக் கூப்புடாம வுட்டுட்டேன்."

பெரியப்பா தட்டை வாங்காமல் பத்திரிகையை மட்டும் எடுத்துப் பிரித்தார். கண்ணுக்கு எட்டப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். மாப்பிள்ளையின் தாத்தா பெயர் வந்த இடத்தில் நின்றார். அந்தப் பெயர் அவர் வகையறாப் பெயர். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார்.

"இது இன்னான்னு தெரிஞ்சிதான் குடுக்கிறயா? இத நான் வக்கீலு கையில குடுத்தேன்னா, கேஸு அன்னியோட முடிஞ்சிது."

"தெரியும் மச்சான். அதான் ரெண்டா எடுத்தாந்தேன்." அப்பா வெற்றிலைக்கு அடியிலிருந்து இன்னொரு பத்திரிகையை எடுத்தார். "ஊட்டுக்கு ஒண்ணு. கோர்ட்டுக்கு ஒண்ணு."

பெரியப்பா இரண்டையும் வாங்கிக்கொண்டார். பிறகு தட்டையும் வாங்கிக்கொண்டார். உள்ளே திரும்பி, "மச்சான் வந்திருக்காரு, தண்ணி எடுத்தா" என்று குரல் கொடுத்தார்.

சொன்னபடியே இரண்டையும் செய்தார் அவர். கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுப் போனார். நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன், நாக்கு கொஞ்சம் தடுமாறியது. இன்னொரு பத்திரிகை கோர்ட்டுக்குப் போனது. கேஸ் தள்ளுபடி ஆனது.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று பத்திரிகை வைத்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸுக்காக ரோட்டோரம் புளியமரத்தடியில் நின்றோம். கிரிவலக் கூட்டம் வருவதற்குப் பௌர்ணமிகூட இல்லை, ரோட்டில் ஆளே கிடையாது. அப்பா வேரின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அலுப்பா கீதும்மா" என்றார். அங்கிருந்து பார்த்தால் அந்த நிலமும் கிணறும் தெரியும். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

என் தங்கை பிழைத்துவிட்டாள். எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. ஆனாலும் என்னால் அடக்க முடியவில்லை. அத்தனை வருஷம் கேட்காததை அந்த மரத்தடியில் கேட்டுவிட்டேன்.

"எனக்கு எடம் வந்தப்பவும் கேஸ இப்படி விட்டிருக்கலாம் இல்லப்பா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு வந்தப்போ ஜெயிச்சிடுவோம்னு நெனச்சிருந்தேன்மா" என்றார்.